கடுக்காய்த் தண்ணீர் சுண்ணாம்புக்குள் என்ன செய்கிறது?

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், சுண்ணாம்பு இறுகும்போது நேராகப் படிகமாகிவிடுவதில்லை, நடுவில் உருவம் இல்லாத ஒரு நிலையைக் கடந்துதான் போகிறது என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் நிறைய. கேட்டவர்கள் வேறு வேறு ஊர், வேறு வேறு தொழில், ஆனால் எல்லாக் கேள்வியும் சுற்றி வந்து ஒரே இடத்தில் நிற்பதால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து வீட்டுச் சுவர் இன்றும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இவை பசை மாதிரி ஒட்டிப் பிடிப்பதால்தான் சுவர் நிற்கிறதா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: பசை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, ஆனால் முக்கியமான வேலை அது இல்லை என்பது என் கருத்து. சுண்ணாம்பின் கதையை முதலில் இரண்டு வரியில் பார்த்துவிடலாம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும், மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டு நீற்றினால் அது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசிய பிறகு, காளவாயில் விட்ட அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. இதற்கு வாரங்கள், மாதங்கள், கனமான சுவராக இருந்தால் வருடங்கள்கூட ஆகும், அதுவரை சுவரில் கொஞ்சம் ஈரமும் இருக்கவேண்டும்.

இதுவரை பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாத பகுதி, அந்தக் கார்பனேட் பிறக்கிற விதம். கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரில் சந்தித்தவுடன் வரிசை பிடித்துக் கால்சைட் படிகமாக, அதாவது கால்சியம் கார்பனேட்டின் வழக்கமான படிக வடிவமாக, நின்றுவிடுவதில்லை. முதலில் தண்ணீரையும் உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு ஒழுங்கில்லாத நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கின்றன. பள்ளி மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடி வந்துவிட்ட பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் வந்தாயிற்று, இன்னும் வரிசையில் நிற்கவில்லை. இதைத்தான் படிகமற்ற கால்சியம் கார்பனேட் என்கிறோம். சுத்தமான தண்ணீரில், சாதாரண வெப்பநிலையில், இது சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. தண்ணீரை உதறிவிட்டுப் படிகமாகிவிடும்.

கடுக்காயும் கருப்பட்டியும் முட்டையும் உள்ளே நுழைவது இந்த இடைவெளியில்தான். கடுக்காயில் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் நிறைய, அவற்றின் ஹைட்ராக்சில் முனைகள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கருப்பட்டியின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும், வெறும் தண்ணீரில் கரைவதைவிடச் சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு பல மடங்கு கரையும். வெள்ளைக்கருவின் பெரும்பகுதிப் புரதமான ஓவால்புமின், படிகமற்ற நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள். ஆக மூன்றும் மூன்று வழியில் ஒரே காரியத்தைச் செய்கின்றன: அவசரப்பட்டுப் படிகமாக விடாமல் நேரம் வாங்கித் தருகின்றன. நேரம் கிடைத்தால் என்ன லாபம்? உருவமில்லாத அந்தப் பொருள் மணல் துகள்களின் சந்துபொந்துகளுக்குள் போய் நிரம்புகிறது, பிறகு படிகமாகும்போது நாலைந்து பெரிய படிகங்களாக வளராமல் எண்ணற்ற சிறு படிகங்களாக நெருக்கமாக அமைகிறது. துளை குறைகிறது, தண்ணீர் உள்ளே இறங்குவது குறைகிறது, தேய்த்தால் பளபளப்பு வருகிறது. பளபளப்பில் கொத்தனாரின் கைக்கும் பெரிய பங்கு உண்டு, அதை வேதியியலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இது நம் ஊர்ப் பெருமை மட்டுமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சீனாவில் சுமார் 1500 வருடங்களுக்கு முன்பே பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார்கள். ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியின் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து கால்சைட் படிகங்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திச் சாந்தை இறுக்கமாக்குகிறது என்று காட்டினார்கள். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் உள்ள கோபான் என்ற பழைய மாயா நகரத்தின் சுண்ணாம்புப் பூச்சுகளை ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2023இல் எழுதியது இன்னும் சுவாரசியம். அங்கே உள்ளூர்க் கொத்தனார்களிடம் கேட்டு, சுக்கும், ஹியோட்டே என்ற இரண்டு மரங்களின் பட்டைச் சாற்றைக் கலந்து பூச்சு செய்து பார்த்தார்கள். அந்தச் சாறு கால்சைட் படிகங்களுக்கு நடுவில் மட்டுமில்லாமல் படிகங்களுக்கு உள்ளேயும் சிக்கிக்கொண்டிருந்தது, சிப்பி ஓட்டில் இருக்கிற மாதிரியே. பழைய பூச்சிலும் அதே அமைப்பு. பட்டையை ஊறவைப்பதும் கடுக்காயை ஊறவைப்பதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள், இரண்டிலும் வேலை செய்வது தாவரச் சாறுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் இருந்தால், என்ன போட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு போட்டார்கள், எத்தனை நாள் ஊறவைத்தார்கள், எந்த நேரத்தில் கலந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். விஷயமே அந்த அளவில்தான் இருக்கிறது, அவர்களோடு அது போய்விட்டால் எந்த ஆய்வகத்திலும் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: படிகமற்றது என்று எப்படித் தெரியும்? சில நிமிடங்களில் மறைந்துவிடுவதை எப்படிப் பிடித்துப் பார்க்கிறார்கள்? சேர்க்கிற எல்லாப் பொருளும் தாமதம்தான் செய்யுமா?
(பள்ளி ஆசிரியர், மதுரை)

பதில்: மூன்று கேள்வி கேட்டுவிட்டீர்கள், மூன்றும் நல்ல கேள்வி. எக்ஸ் கதிரை விட்டால் படிகம் கூர்மையான கோடுகளாகப் பதில் சொல்லும், படிகமற்றது அகலமான மேடு ஒன்றைத்தான் காட்டும். அகச்சிவப்பு நிறமாலையில் கால்சைட்டுக்கு 713 என்ற எண்ணில் தெளிவான ஒரு உச்சம் உண்டு, படிகமற்ற நிலையில் அது இருக்காது, அது தலைகாட்ட ஆரம்பித்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிடித்துப் பார்க்க வேண்டுமானால் உடனே வடிகட்டி, ஆல்கஹாலில் கழுவி, உலர்த்திவிடுவார்கள். சுற்றிலும் தண்ணீர் இல்லாவிட்டால் நாள் கணக்கில், அதற்கும் மேலேயும் அப்படியே இருக்கும். அதாவது மாற்றத்துக்குத் தண்ணீர் வேண்டும்: பெரும்பாலும் உருவமில்லாதது கரைந்து, பக்கத்திலேயே படிகமாக மறுபடி படிகிறது.

ஏன் மாறத் துடிக்கிறது என்பதற்கு ஒரு எண் போதும். 25 டிகிரியில் இதன் கரைதிறன் பெருக்கம், அதாவது எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் எண், கால்சைட்டைப் போல 120 மடங்கு அளவு இருக்கும். அவ்வளவு கரைகிற பொருள், அவ்வளவாகக் கரையாத பொருளுக்கு வழி விட்டுத்தான் ஆகவேண்டும். போகிற வழியில் வாட்டரைட், அரகோனைட் என்று இன்னும் இரண்டு படிக வடிவங்கள் உண்டு. சுத்தமான கரைசலில் சில நிமிடங்களில் வாட்டரைட் வரும், பிறகு பல மணி நேரத்தில் அது கால்சைட் ஆகும். குறைந்த நிலைத்தன்மை உள்ளதுதான் முதலில் பிறக்கும் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1897இல் சொன்ன விதி இங்கே அழகாகப் பொருந்துகிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: இல்லை, எல்லாம் தாமதிக்காது. அதைவிட ஆச்சரியம், ஒரே பொருளே இருக்கிற இடத்தைப் பொறுத்து இரண்டு வேலையும் செய்யும். சிப்பி ஓட்டிலிருந்து எடுத்த அமிலத்தன்மை மிகுந்த புரதத்தைக் கரைசலில் மிதக்க விட்டால் படிகம் வளர்வதைத் தடுக்கிறது, அதே புரதத்தை ஒரு பரப்பில் ஒட்டவைத்தால் அங்கே படிகம் பிறக்கத் தூண்டுகிறது. இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த லியா அடாடியும் ஸ்டீவ் வெய்னரும் 1985இலேயே இதைக் காட்டினார்கள். உயிரினங்கள் ஒரு இடத்தில் ஓடு வளர்த்து மறு இடத்தில் வளராமல் வைத்திருப்பது எப்படி என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. ‘சேர்மானம் தாமதப்படுத்தும்’ என்று ஒரே வரியில் பாடம் எழுதிவிட்டால் பிள்ளைகள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

கேள்வி: சிமென்ட் பூச்சில் கருப்பட்டித் தண்ணீர் சேர்த்தால் அதுவும் நூறு வருடம் நிற்குமா?
(கட்டட மேஸ்திரி, திண்டுக்கல்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். சிமென்ட் இறுகுவது வேறு வேதியியல், அங்கே கால்சியம் சிலிக்கேட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது, கரியமில வாயுவுக்காகக் காத்திருப்பதில்லை. சர்க்கரை அந்த வினையின் கழுத்தைப் பிடித்துவிடும். சிமென்ட் எடையில் 0.05 சதவீதம் போட்டாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும், ஒரு சதவீதம் அளவுக்குப் போனால் இறுகாமலே நின்றுவிடலாம். கலவை வண்டி நடு ரோட்டில் நின்றுபோனால் உள்ளே கான்கிரீட் கெட்டியாகிவிடாமல் இருக்கச் சர்க்கரையைக் கொட்டுகிற பழக்கமே உண்டு. சுண்ணாம்புக்கு நல்லது சிமென்டுக்கும் நல்லது என்ற கணக்கு இங்கே உதவாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தால் அதன்மேல் சிமென்ட் பூசி மூடுகிற வேலையை உங்களிடம் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளே அடைத்துவைக்கும், அடைபட்ட ஈரமும் உப்பும் சேர்ந்து சுவரை உள்ளிருந்தே அரிக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

கேள்வி: கடல் பிராணிகள் ஓடு கட்டுவதும் இதே மாதிரிதானா? நண்டு ஓடு கழற்றினால் சீக்கிரமே புது ஓடு கெட்டியாகிவிடுகிறதே, அவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கங்களை ஒதுக்கினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

படிகமற்ற கார்பனேட்டை உயிரினங்கள் எவ்வளவு தெரிந்து கையாள்கின்றன என்பதற்கு முதல் சாட்சி கடல் முள்ளெலி. அதன் லார்வாவுக்குள் மெல்லிய சுண்ணாம்புக் கம்பிகள் வளரும். ஒவ்வொரு கம்பியும் ஒரே கால்சைட் படிகம், ஆனால் வழவழப்பாக வளைந்து கிளை விட்டிருக்கும். கால்சைட் தானாக வளர்ந்தால் தட்டையான முகங்களும் கூரான விளிம்புகளும் உள்ள சாய்சதுரக் கட்டியாகத்தான் வரும், வளையவே வளையாது. பிறகு இது எப்படி? 1997இல் பெனியாஷ், ஐசன்பெர்க், அடாடி, வெய்னர் ஆகியோர் எழுதிய ஆய்வில் விடை கிடைத்தது: முதலில் உருவமில்லாத பொருளாகக் கொண்டுபோய் வேண்டிய வடிவத்தில் நிரப்பிவிடுகிறது, அப்புறம்தான் படிகமாக விடுகிறது. 2004இல், உடைந்த முள் திரும்ப வளரும்போதும் இதே வழிதான் என்று தெரிந்தது. வடிவம் ஒருவரிடம், படிகம் ஒருவரிடம் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள முடிவது அந்த நடு நிலை இருப்பதால்தான்.

உங்கள் நண்டுக்கு வருகிறேன். ஓடு கழற்றுவதற்கு முன் பழைய ஓட்டிலிருந்து ஒரு பகுதிக் கால்சியத்தை உடம்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். கடலில் வாழ்கிறவற்றுக்கு மிச்சத்தைக் கடல் நீரே தரும், அதில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. நன்னீரில் வாழ்கிற கிரேஃபிஷ் போன்றவைக்கு அந்த வசதி இல்லை, அதனால் அவை வயிற்றுச் சுவரில் இரண்டு சுண்ணாம்புக் கற்களைச் சேமித்துவைக்கின்றன, ஓடு கழன்றதும் கற்கள் கரைந்து புது ஓட்டுக்குப் போகும். அந்தக் கற்கள் பெரும்பாலும் படிகமற்ற கார்பனேட். ஏன் கால்சைட்டாகச் சேமிக்கவில்லை? மேலே சொன்ன 120 மடங்கை நினைத்துப் பாருங்கள், அவசரத்துக்குச் சட்டென்று கரையவேண்டிய சேமிப்பைக் கரையாத வடிவத்தில் யார் வைப்பார்கள்!

சரி, தண்ணீரில் நிமிடங்களில் மாறிவிடுகிற பொருளை வாரக்கணக்கில் எப்படி மாறாமல் வைக்கிறது? இங்கேதான் சேர்மானம். பாஸ்பேட் இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது, புரதங்கள் இருக்கின்றன. கிரேஃபிஷ் கற்களில் பாஸ்போஈனால்பைருவேட், 3-பாஸ்போகிளிசரேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகள் இந்த வேலையைச் செய்கின்றன என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் நம் ஒவ்வொருவர் செல்லிலும் சர்க்கரையை உடைக்கும்போது வழியில் வந்துபோகிற சாதாரணப் பொருள்கள். தனியாக ஒன்றைத் தயாரிக்காமல், கைவசம் ஏற்கெனவே இருந்ததை எடுத்து இதற்குப் பயன்படுத்தியிருக்கிறது.

மெக்னீசியத்தின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், கடலைப் புரிந்துகொள்ள அது முக்கியம். மெக்னீசியம் அயனி கால்சியத்தைவிடச் சிறியது, கால்சியத்தின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம் என்றால் இதற்கு 0.72. சிறியதாக இருப்பதால் தன்னைச் சுற்றியுள்ள ஆறு தண்ணீர் மூலக்கூறுகளையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும், ஒரு மூலக்கூறை விட்டு இன்னொன்றை வாங்குவதற்குக் கால்சியத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும். படிகமாக வேண்டுமானால் தண்ணீரை உதறியாக வேண்டும், உதறாத ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தாமதம். கடல் நீரில் கால்சியத்தைப் போல ஐந்து மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. அதனால் அங்கே கால்சைட்டுக்கு வழி அடைபட்டு, மெக்னீசியத்தை உள்ளே சேர்க்காத அரகோனைட் பெரும்பாலும் முந்திக்கொள்கிறது. பவளப்பாறை அரகோனைட், உங்கள் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியின் உள்பக்கப் பளபளப்பும் அரகோனைட்.

ஆனால் ஒரே சிப்பியில் உள்பக்கம் அரகோனைட், வெளிப்பக்கம் கால்சைட் என்று இரண்டும் இருக்கிறதே, இரண்டுக்கும் கடல் ஒன்றுதானே? 1996இல் இதற்கும் ஒரு சோதனை செய்தார்கள். ஓட்டின் இரண்டு அடுக்குகளிலிருந்தும் புரதங்களைத் தனித்தனியே எடுத்து, சிப்பியே இல்லாமல், கைட்டினும் பட்டுப் புரதமும் சேர்த்த ஒரு பரப்பில் சோதித்தார்கள். அரகோனைட் அடுக்கின் புரதம் அரகோனைட்டையும் கால்சைட் அடுக்கின் புரதம் கால்சைட்டையும் கொடுத்தது. உயிருள்ள சிப்பி இல்லை, எடுத்த சாறு மட்டும்தான், அதுவே எந்தப் படிகம் என்று முடிவு செய்துவிட்டது! அந்தப் புரதங்களில் ஆஸ்பார்டிக் அமிலம் ஏராளம், அதன் எதிர்மின் முனைகள்தான் கால்சியத்தைப் பிடிக்கும் கைகள்.

கேள்வி: எங்கள் ஆர்.ஓ. பிளான்ட்டில், மெம்பிரேனில் (தண்ணீரை வடிகட்டும் சவ்வில்) சுண்ணாம்புக் கறை படியாமல் இருக்க ஆன்டிஸ்கேலன்ட் என்று ஒரு மருந்து விடுகிறோம். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து கிராம்தான். இவ்வளவு உப்புத் தண்ணீரை அந்தச் சொட்டு மருந்து எப்படிச் சமாளிக்கும்? உண்மையிலேயே வேலை செய்கிறதா?
(சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்)

பதில்: செய்கிறது. உங்கள் சந்தேகம் நியாயம்தான், ஏனென்றால் ஒரு கால்சியத்துக்கு ஒரு மருந்து மூலக்கூறு என்று கணக்குப் போட்டால் இந்த அளவு எந்த மூலைக்கும் போதாது. ஆனால் அது கால்சியத்தை ஒவ்வொன்றாகப் பிடிப்பதில்லை. படிகம் வளர்வது அதன் பரப்பில் உள்ள சில படிகளிலும் முடக்குகளிலும் மட்டும்தான், புதிதாக வருகிற அயனி அங்கேதான் போய் உட்காரும். மருந்து அந்தச் சில இடங்களை மட்டும் அடைத்துவிடுகிறது. அதே போல, ஆரம்பத்தில் திரள்கிற உருவமற்ற நுண்துகள்களின் மேல் ஒட்டி, அவை ஒன்றுசேராமலும் படிகமாகாமலும் வைத்திருக்கிறது. தண்ணீர் மெம்பிரேனைத் தாண்டி வெளியே போகிற வரைக்கும் தாமதித்தால் போதும், அதற்குமேல் அதற்கு வேலையில்லை. கடுக்காயிடம் எதிர்பார்க்கிற அதே தாமதம்தான் இங்கேயும், வேண்டிய முடிவுதான் நேர் எதிர்: கொத்தனாருக்குக் கடைசியில் கல் வேண்டும், உங்களுக்குக் கல்லே வரக்கூடாது.

இந்தக் குறைந்த அளவு விளைவு 1930களிலிருந்தே தெரியும், அப்போது சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் பயன்படுத்தினார்கள். அப்புறம் பாஸ்போனேட்டுகளும் பாலிஅக்ரிலேட்டுகளும் வந்தன, இன்று கேனில் வருவது பெரும்பாலும் இந்தக் குடும்பங்கள்தான். கூடுதலாக விட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கால்சியம் மிகுந்த தண்ணீரில் பாலிஅக்ரிலேட் அளவு மீறினால் அதுவே கால்சியத்தோடு சேர்ந்து கொழகொழவென்று படிந்து மெம்பிரேனை அடைக்கும். ஏற்கெனவே படிந்துபோன கறையை இது கரைக்காது என்பதையும் மறக்கவேண்டாம், அதற்கு அமிலக் கழுவல்தான். வீட்டுக் கெட்டிலில் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்க விடுவது அந்த வகை.

இந்த மருந்துகள் தண்ணீரோடு எங்கே போகின்றன என்பதையும் நாம் கேட்கவேண்டும், திருப்பூரில் இருப்பவர்களுக்கு நொய்யலைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாஸ்பரஸ் உள்ளவை குளத்தில் பாசியை வளர்க்கும், பாலிஅக்ரிலேட் எளிதில் மட்காது. இதற்கு மாற்றாக வந்ததுதான் பாலிஆஸ்பார்டேட், அதாவது மேலே சொன்ன சிப்பிப் புரதத்தின் ஆஸ்பார்டிக் அமிலத்தையே தொடராகக் கோத்த பாலிமர், மண்ணில் மட்கக்கூடியது. இதைத் தயாரிக்கும் முறைக்காக அமெரிக்காவின் டோன்லார் என்ற சிறு நிறுவனத்துக்கு 1996இல், பசுமை வேதியியலுக்கான அந்நாட்டு அதிபர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட வருடத்திலேயே, கிடைத்தது. அடுத்த முறை மருந்து வாங்கும்போது இந்த வகை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் கொண்டுவருவார்.

கேள்வி: வீட்டில் வளர்க்கிற ரப்பர் செடி இலைக்குள் கல் இருக்கிறது என்று பிளஸ் டூ படிக்கும் மகள் சொல்கிறாள். உண்மையா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உண்மை. ஆல், அத்தி, ரப்பர் செடி எல்லாம் ஒரே ஃபைகஸ் பேரினம். இலையின் மேல்தோல் செல்லுக்குள் ஒரு காம்பில் தொங்குகிற மாதிரி சுண்ணாம்புக் கட்டி இருக்கும், சிஸ்டோலித் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். படத்தில் சொல்லாதது, அந்தக் கட்டி படிகமற்ற கார்பனேட் என்பது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில் கல் இச்சி மர இலையையும் முசுக்கொட்டை இலையையும் பிரித்துப் பார்த்தபோது, காம்பு சிலிக்கா, கட்டிக்குள் மெக்னீசியம் கலந்த பகுதி, கலக்காத பகுதி என்று பல அடுக்குகள் தெரிந்தன. செல்லுக்குள் அவ்வளவு தண்ணீர் இருந்தும் இலை வாழும் காலம் முழுக்க அது படிகமாவதில்லை. மகளிடம் சொல்லுங்கள், மைக்ரோஸ்கோப்பில் இலையின் குறுக்குவெட்டைப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் குமிழி விட்டுக் கரைவதையும் பார்க்கலாம்.

கேள்வி: கல்லூரியில் ஒரு சிறிய புராஜெக்ட் செய்யவேண்டும். பெரிய கருவி எதுவும் இல்லை. படிகமற்ற நிலையையும் சேர்மானத்தின் விளைவையும் கண்ணால் பார்க்க வழி உண்டா?
(வேதியியல் மாணவி, காஞ்சிபுரம்)

பதில்: தாராளமாக. 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒன்றரை கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், இன்னொரு 100 மில்லியில் ஒரு கிராம் அளவு நீரற்ற சோடியம் கார்பனேட். இரண்டையும் ஒரு பீக்கரில் வேகமாகக் கலந்தால் உடனே பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வரும், அதுதான் படிகமற்றது. விடாமல் ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டே பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அந்தக் கொழகொழப்பு உடைந்து, கலக்குவதை நிறுத்தினால் சட்டென்று அடியில் இறங்குகிற கனமான தூளாக மாறும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கால்சியம் கரைசலில் ஒன்றேகால் கிராம் எப்சம் உப்பைக் கரைத்துவிட்டு அதே மாதிரி செய்யுங்கள், அது மெக்னீசியம் சல்பேட்தான், மாற்றம் தெளிவாகத் தள்ளிப்போவது தெரியும். பிறகு எப்சம் உப்புக்குப் பதில் கடுக்காய் ஊறிய வடிகட்டிய தண்ணீர், நீர்த்த வெள்ளைக்கரு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். வெப்பநிலை மாறினால் நேரமும் மாறிவிடும், எல்லாச் சோதனையையும் ஒரே வெப்பநிலையில் செய்யுங்கள், காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் செய்தால் ஒப்பிடவே முடியாது. பீக்கரை ஒவ்வொரு தடவையும் நீர்த்த அமிலத்தில் கழுவி, நிறையத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுத்தது. பழைய படிகம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தாலும் அதுவே விதையாகி உங்கள் தாமதத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பாருங்கள்: சாய்ந்த பெட்டி மாதிரி இருந்தால் கால்சைட், உருண்டையாக இருந்தால் வாட்டரைட், ஊசி ஊசியாக இருந்தால் அரகோனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உருவமே பிடிபடாத மங்கலாக இருந்தால் இன்னும் மாறவில்லை. கடுக்காய்த் தண்ணீரை நீர்த்தது, அடர்ந்தது என்று நாலைந்து அளவில் செய்து நேரத்தை வரைபடமாகப் போட்டு அனுப்புங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.